மதுக்கடையில் வாழ்ந்த நாட்டுப்பாடல்

நாட்டுப்பாடல் எங்கே பிறந்தது என்று கேட்டால் நம் ஆசிரியர்கள் தயங்காமல் விடை கூறுவார்கள். வயலில் பிறந்தது, ஏற்றத்தடியில் பிறந்தது, தொட்டிலருகே பிறந்தது என்பார்கள். பிறந்த பின் எங்கே வாழ்ந்தது, யார் கூடி அதனை வாழவைத்தார்கள் என்று கேட்டால் அவ்வளவு விரைவில் விடை வருவதில்லை. இங்கிலாந்தின் ஊர்ப்புறம் இக்கேள்விக்குத் தரும் விடை சிலருக்கு வியப்பாகவும், சிலருக்குக் கசப்பாகவும் இருக்கும். அங்கே நாட்டுப்பாடல் பெரிதும் மதுக்கடையில் வாழ்ந்தது.

கசப்பு ஏன் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை நம் மக்களின் கூலியை எப்படி விழுங்கிற்று என்பதை நாம் அறிவோம். சம்பள நாள் மாலையில் அக்கடைக்குச் சற்றுத் தள்ளி, முந்தானையைப் பிசைந்தபடி நின்ற தாய்மார்களைச் சிறுவனாக இருந்தபோது நானே கண்டிருக்கிறேன். ஆகவே குடியைப் புகழும் கட்டுரையன்று இது. ஆயினும் ஒரு நாட்டின் வழக்கத்தை அறியப் புகுவோர் அதை அந்நாட்டார் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்னும் தொடரின் சுருக்கம். பொதுமனை என்று நாம் பெயர்த்துக்கொள்ளலாம். பெயருக்கேற்ப அஃது ஊரார் கூடும் இடமாகவும் இருந்தது. ஈமச் செலவுக்கும் நோய்க்கால உதவிக்கும் பணம் சேர்த்த தொழிலாளர் சங்கங்கள் அங்கேதான் கூடின. ஐயத்துக்குரிய இறப்பு நேர்ந்தால் அதனை ஆராயும் விசாரணையும் முன்னாளில் பெரும்பாலும் அங்கேயே நடந்தது. ஊர்க்கோயில் மண்டபமும், டீக்கடைத் திண்ணையும், சங்கக் கட்டடமும் ஒன்றாய்ச் சேர்ந்த ஓரிடம் என்று எண்ணிக்கொண்டால் பெரும் பிழையில்லை. பாட்டு அங்கே போய்ச் சேர்ந்தது இயல்பே.

விலாங்கின் பாதம்

கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் என்னும் மாவட்டம் கடலோரமாக நீண்டு கிடக்கிறது. அங்கே லெய்ஸ்டன் ஊருக்கு அருகில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர். அவ்வூர்ப் பப்பின் பெயர் 'ஈல்ஸ் ஃபுட்', அதாவது விலாங்கின் பாதம். விலாங்குக்கு ஏது பாதம் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆங்கிலப் பப்புகளின் பெயர்களில் பொருள் தேடப் புகுந்தால் அதற்கே தனிக் கட்டுரை வேண்டும்.

1939ஆம் ஆண்டில் ஏ. எல். லாய்ட் என்னும் இளைஞர் பிபிசி வானொலியின் ஒலிப்பதிவுக் கருவிகளோடு இப்பப்புக்கு வந்து சேர்ந்தார். லாய்ட் முன்னர் ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைகளில் வேலை செய்தவர். திமிங்கில வேட்டைக் கப்பலிலும் கூலியாளாய்ச் சென்றவர். பின்னாளில் ஆங்கில நாட்டுப்பாடலைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் பதிவு செய்ததெல்லாம் ஒரு சனிக்கிழமை இரவு எப்போதும் போல் நடந்ததைத்தான். அந்நிகழ்ச்சி அவ்வாண்டே 'ஈல்ஸ் ஃபுட்டில் சனிக்கிழமை இரவு' என்ற பெயரில் ஒலிபரப்பாயிற்று. பாடியவர்கள் உழவர்களும் கைத்தொழிலாளர்களும். வெல்வெட் பிரைட்வெல் என்னும் முதியவர் அவர்களுள் ஒருவர். அவர் மகன் ஜம்போ பிரைட்வெல் தந்தையிடமும் இப்பப்பிலும் கற்ற பாடல்களை முதுமைவரை பாடி, 1970களில் இசைத்தட்டாகவும் தந்தார்.

நாட்டுப்பாடல் மறைந்துவிட்டது என்று கற்றோர் எழுதிவைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த காலம் அது. அங்கேயோ அது வாரந்தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

நடந்தது எப்படி என்பதே நாம் உற்று நோக்கத்தக்கது. குடித்தவர்கள் கூச்சலிட்டுப் பாடியதாக எண்ணிவிடக் கூடாது. அவையில் ஒரு தலைவர் இருப்பார். ஊரில் மதிப்புள்ளவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர். அவர் முன்னுள்ள மேசையைத் தட்டி 'ஒழுங்கு, ஒழுங்கு' என்பார், பேச்சு அடங்கும். பிறகு ஒருவர் பெயரைச் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் பாட வேண்டும். அவர் பாடும்போது எவரும் பேசலாகாது. கோப்பையை மேசையில் ஓசைப்பட வைப்பதும் இழுக்கு. பின்பாட்டு வரும் இடத்தில் அறை முழுவதும் சேர்ந்து பாடும். பாட்டு முடிந்ததும் பாராட்டொலி எழும். தலைவர் அடுத்த பெயரைச் சொல்வார்.

பாட வராதவர் என்ன செய்வது? கிழக்குச் சஃபோக்கில் அதற்கு மூன்றே சொல்லில் ஒரு விதி இருந்தது. பாடு, சொல், இல்லையேல் கொடு என்பது அதன் கருத்து. பாடத் தெரிந்தவர் பாடலாம். தெரியாதவர் ஒரு கதையோ செய்யுளோ சொல்லலாம். இரண்டும் இயலாதவர் அவைக்குப் பானம் வாங்கித் தந்து தண்டம் கட்ட வேண்டும். எவரும் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போக முடியாது என்பது இவ்விதியின் உட்பொருள். அந்த அறையில் பாடகர், கேட்போர் என்று இரண்டு கூட்டம் இல்லை. இதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் ஆங்கில அரசின் சட்டம் இடறி விழுந்தது இவ்விடத்தில்தான்.

இன்னொரு வழக்கம் இதைவிட நுட்பமானது. ஒவ்வொருவருக்கும் அவருக்கென்று பாட்டு இருந்தது. அவர் இயற்றியதன்று, அவருக்கு உரியதென ஊரார் ஒப்புக்கொண்டது. அப்பாட்டு எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தாலும், அவர் அறையில் இருக்கும்போது வேறொருவர் அதைப் பாடமாட்டார். பாடினால் அது களவுக்கு ஒப்பாகும். அவர் இறந்த பிறகு மகனோ மருமகனோ நண்பரோ அதை எடுத்துக்கொள்வதுண்டு. வயலும் வீடும் சொந்தமில்லாத கூலியாளுக்கு ஒரு பாட்டாவது சொந்தமாக இருந்தது என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பாடும் முறையிலும் ஆரவாரம் கிடையாது. உட்கார்ந்த இடத்திலேயே, சிலர் கண்ணை மூடிக்கொண்டும் சிலர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியும் பாடுவார்கள். கையசைவில்லை, முகபாவனையில்லை. கொலையைப் பாடினாலும் காதலைப் பாடினாலும் குரல் ஒரே சீராகச் செல்லும். கதையே கேட்பவர் நெஞ்சில் வேலை செய்யும். பாட்டின் கடைசிச் சொற்களைச் சிலர் பாடாமல் பேச்சாகவே சொல்லி முடிப்பார்கள். பாட்டு முடிந்தது, நான் மீண்டும் உங்களில் ஒருவன் என்று சொல்வது போல் அது தோன்றும்.

இதே சஃபோக்கில் பிளாக்ஸ்ஹால் என்னும் ஊரின் 'ஷிப்' பப்பும் இவ்வழக்கத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே நடந்ததைப் பீட்டர் கென்னடி என்னும் சேகரிப்பாளர் 1955இல் சிறு படமாக எடுத்தார். படத்தின் பெயர் 'பார்லி மோ', அறுத்துக் குவித்த வாற்கோதுமைப் போர். அப்பெயருள்ள பாட்டில் முகத்தலளவைகள் சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொன்றாய்க் கூடும். ஒவ்வொரு முறையும் முன் வந்தவற்றையெல்லாம் தலைகீழாக ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். முடிவில் கடைக்காரர், மது வடிப்பவர், கூடியிருக்கும் அவையோர் என்று ஊரே பாட்டுக்குள் வந்துவிடும். நம் பிள்ளைகள் வாய்பாடு ஒப்பிப்பதும், சங்கிலிக் கதை சொல்லி மூச்சுமுட்டச் சிரிப்பதும் எனக்கு நினைவு வந்தன. சிரில் போச்சர் என்பவர் இந்தப் பப்பின் தலைசிறந்த பாடகர்களுள் ஒருவர். கொட்டை பொறுக்கப் போன பெண்ணைப் பற்றிய பாட்டு அவருடைய பாட்டு. வேறு யார் பாடினாலும் அஃது அவருடையதாகவே கருதப்பட்டது.

குறையும் சொல்ல வேண்டும். இந்த அவை பெரும்பாலும் ஆண்களின் அவை. பெண்கள் பாடியதெல்லாம் சமையலறையிலும் குழந்தையருகிலும். ஆகவே பப்பில் கேட்டதை மட்டும் ஊரின் பாட்டென்று கொள்வோர் பாதியை இழந்தவராவர்.

ஏட்டுக்கு ஏறிய பாட்டு

ஆங்கில நாட்டுப்பாடலைத் தேடித் தொகுத்தவர்களின் வரலாறு தனியே நீண்டது. நமக்கு வேண்டிய அளவே கூறுகிறேன். நாட்டுப்பாடல் சங்கம் 1898இல் லண்டனில் தோன்றியது. அதன் செயலாளர் கேட் லீ என்னும் பெண்மணி, அவ்வாண்டே சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ராட்டிங்டீன் ஊருக்குச் சென்று காப்பர் குடும்பத்துச் சகோதரர் இருவர் பாடக் கேட்டு எழுதினார். ஒருவர் பண்ணையில் மேற்பார்வையாளர்; மற்றவர் அவ்வூரின் 'பிளாக் ஹார்ஸ்' பப்பை நடத்தியவர். சங்கம் இருவரையும் மதிப்புறு உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 1903இல் செசில் ஷார்ப் என்னும் இசையாசிரியர், சாமர்செட் மாவட்டத்து ஹாம்பிரிட்ஜ் ஊரில் தோட்டக்காரர் ஒருவர் 'காதல் விதைகள்' என்னும் பாட்டைப் பாடக் கேட்டார். அன்று தொடங்கிய தேடல் அவர் வாழ்நாள் முழுதும் நின்றது. இசைமேதை வான் வில்லியம்ஸ் 1905இல் கிங்ஸ் லின் துறைமுகத்து மீனவரிடம் பாட்டுக் கேட்டுக் குறித்தார்.

இவர்கள் செய்த தொண்டு பெரிது. ஷார்ப் மட்டும் இங்கிலாந்திலும் அமெரிக்க மலைநாட்டிலுமாக ஏறத்தாழ 5,000 மெட்டுகளைத் திரட்டினார். ஆனால் அவர்கள் திரட்டியது பாட்டை. பாடும் முறையை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தலைவர், முறை, உரிமை, பின்பாட்டு என்ற ஒழுங்கெல்லாம் அவர்கள் குறிப்பேட்டில் அரிதாகவே இடம்பெற்றது. முத்தெடுத்தவர் சிப்பியை வீசிவிடுவது போல என்று சொல்ல வாயெடுத்தேன், உவமை சரியில்லை. மீனை எடுத்துக்கொண்டு குளத்தை விட்டுவந்தார்கள் என்பதே பொருத்தம்.

ஆசிரியர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். 1906இல் ஷார்ப்பும் பேரிங்-கூல்டு என்னும் பாதிரியாரும் சேர்ந்து பள்ளிகளுக்கென நாட்டுப்பாடல் நூலொன்று வெளியிட்டார்கள். பாட்டுக்குப் பியானோப் பக்கவாத்தியம் அமைந்தது. பிள்ளைகளுக்கு ஆகாதவை எனக் கருதிய வரிகள் மாற்றம் பெற்றன. அதன் பின் இரண்டு தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகள் வகுப்பறையில் வரிசையாக நின்று, ஆசிரியை பியானோ வாசிக்க, ஒரே குரலில் இப்பாடல்களைப் பாடினார்கள். நோக்கம் நல்லது. ஆயினும் அவ்வாறு பாடியவர்களுள் பலருக்கு நாட்டுப்பாடல் என்பது பள்ளிமணி அடித்ததும் மறந்துவிட வேண்டிய பாடமாகவே நின்றது. பாட்டு பள்ளிக்குள் வந்தது. 'உன் பாட்டு எது?' என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்ட அந்தத் தலைவர் வரவில்லை.

இதைப் படித்த பிறகு விடுமுறைப் பயிற்சியொன்றில் நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். முப்பது பேருக்குக் குறையாத ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் தமக்கு முழுமையாகத் தெரிந்த ஒரு நாட்டுப்பாடலைப் பாட வேண்டும் என்றேன். அறை அமைதியாயிற்று. யாரோ ஒருவர் திரைப்படப் பாட்டைத் தொடங்கிச் சிரித்து நிறுத்தினார். பின் சஃபோக் விதியைச் சொன்னேன்: பாடலாம், விடுகதையோ பழமொழியோ சொல்லலாம், இல்லையேல் எல்லாருக்கும் தேநீர் வாங்க வேண்டும். நிலைமை மாறிற்று. பின்வரிசையில் இருந்த அம்மையார் ஒருவர் தம் பாட்டி பால்மரம் வெட்டும் நாளில் பாடியதென்று சொல்லி ஒரு தாலாட்டைப் பாடினார். அவர் பாடி முடித்ததும் பக்கத்தில் இருந்தவர், 'இதே பாட்டை எங்கள் தோட்டத்தில் வேறு மாதிரிப் பாடுவார்கள்' என்றார். பிறகு நேரம் போனது தெரியவில்லை. தேநீருக்குப் பணம் கட்டியவர் நான் ஒருவனே. எனக்குக் குரல் இல்லை. கைவசம் வைத்திருந்த விடுகதையை எனக்கு முன்னே ஒருவர் சொல்லிவிட்டார்.

மாடி அறை

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வானொலிப் பெட்டியும், பின்னர்த் தொலைக்காட்சியும், காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியும் பப்புக்குள் வந்தன. கீழ்த்தளத்தில் பாட்டு ஓய்ந்தது. அதே காலத்தில் நகரத்து இளைஞர்கள் நாட்டுப்பாடலின்பால் ஆர்வங்கொண்டு, பப்புகளின் மாடி அறையை வாரம் ஓரிரவு வாடகைக்குப் பிடித்தார்கள். இப்படித் தோன்றியவையே நாட்டுப்பாடல் கழகங்கள். பிராட்ஃபோர்டு நகரின் 'டாபிக்' கழகம் 1956இல் தொடங்கியது. லண்டனில் ஈவன் மக்கோல் என்னும் பாடகரும் நாம் முன்னர்க் கண்ட லாய்டும் இவ்வியக்கத்தின் தூண்களாயினர். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுப் பாட்டையே பாட வேண்டும் என்று மக்கோல் தம் கழகத்தில் விதித்தார். அமெரிக்கப் பாட்டில் மயங்கியிருந்த இளைஞர் பலர் சினந்தனர். விதி கடுமையானதுதான், ஆனால் தம் பாட்டனாருக்கும் ஒரு பாட்டு உண்டென்று பலரைத் தேடவைத்ததும் அவ்விதியே.

கழகத்தில் விருந்தாளிப் பாடகர் உண்டு, நுழைவுக் கட்டணம் உண்டு. எனினும் பழைய முறை முற்றிலும் அழிந்துவிடவில்லை. விருந்தாளிக்கு முன்னும் பின்னும் அவையில் உள்ள எவரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடலாம். வேறு சில இடங்களில் விருந்தாளியே இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டாகச் சுற்றிவருவர். பழைய சஃபோக் அறைக்கு மிக அருகில் வருவது இவ்வட்டமே.

எண்ணத் தெரியாத சட்டம்

இனி, முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன செய்திக்கு வருகிறேன். பப்பில் இசை நடத்துவதற்கு உரிமம் வேண்டும் என்பது இங்கிலாந்தில் நெடுநாள் விதி. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இதில் ஒரு விலக்குத் தந்தது. இசை நிகழ்த்துவோர் இருவருக்கு மேற்படாவிட்டால் தனி உரிமம் வேண்டியதில்லை. 'பப்பில் இருவர்' என்று மக்கள் இதனைக் குறிப்பிட்டார்கள். கேட்க எளிமையான விதி. ஆனால் ஈல்ஸ் ஃபுட் போன்ற ஓர் அறையில் நிகழ்த்துவோர் எத்தனை பேர்? முறைவைத்துப் பாடும் இருபது பேரும் நிகழ்த்துவோரா? பின்பாட்டுப் பாடும் அறை முழுவதும் நிகழ்த்துவோரா? சில ஊராட்சி அதிகாரிகள் அப்படித்தான் கணக்கிட்டார்கள். கடைக்காரர்கள் வழக்குக்கு அஞ்சிப் பாட்டை நிறுத்தினார்கள்.

2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் இக்குழப்பத்தைத் தீர்க்கும் என்றார்கள். அது 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இருவர் விலக்கும் போயிற்று. அறிவித்து நடத்தும் இசையானால் ஒருவர் பாடுவதற்கும் உரிமத்தில் இடம்பெற வேண்டியதாயிற்று. ஆனால் பெரிய திரையில் தொலைக்காட்சிப் பந்தாட்டத்தை எத்தனை பேர் கூடிக் கத்திப் பார்த்தாலும் அதற்கு இவ்வுரிமம் தேவையில்லை! மோரிஸ் என்னும் ஊர்ப்புற ஆட்டத்துக்கு விலக்களித்த பாராளுமன்றம், ஒரு கிழவர் தம் பாட்டனார் பாட்டைப் பாடுவதற்கு விலக்களிக்கவில்லை. இது தீமை செய்ய வேண்டும் என்று செய்ததன்று என்றே கருதுகிறேன். சட்டம் எழுதியோர் மனத்தில் ஒரு மேடையும் அதன் முன் நாற்காலிகளும் இருந்தன. மேடையே இல்லாத பாட்டு ஒன்று உண்டென்பது அவர்கள் எண்ணத்தில் எழவில்லை.

பாடகரும் இசைவாணரும் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். இறுதியில் கிளெமென்ட்-ஜோன்ஸ் பிரபு கொண்டுவந்த நேரடி இசைச் சட்டம் 2012 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒலிபெருக்கியில்லாத பாட்டுக்கும் இசைக்கும் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை உரிமம் வேண்டியதில்லை என்றாயிற்று. வெறுங்குரலால் பாடுவோருக்கு அரைநூற்றாண்டுக்குப் பின் விடுதலை கிடைத்தது.

விடுதலை கிடைத்தபோது வீடு போய்க்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறத்தாழ 60,000 பப்புகள் இருந்தன. அடுத்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அவை ஏறத்தாழ 45,000 ஆகக் குறைந்தன. வரி, வாடகை, அங்காடியில் மலிவாகக் கிடைக்கும் மது, குடிப்பழக்கம் குறைந்தமை என்று காரணங்கள் பல. குடி குறைந்தது நன்றே என்பேன். ஆனால் பொதுமனை மூடினால் அதனோடு கூடுமிடமும் மூடுகிறது. கம்பிரியா மாவட்டத்து ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊரார் 2003இல் கூட்டுறவாகப் பணம் சேர்த்துத் தங்கள் பப்பைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். ஊரார் விரும்பும் இடத்தை விற்கும்போது ஊரார்க்குப் பணந்திரட்ட அவகாசம் தர வேண்டும் என்னும் விதி 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. கூட்டுறவு நாணயச் சங்கங்களால் தோட்டம் வாங்கிய வரலாறு உடைய நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

தேவாலயம் துரத்திய பாட்டு

இவ்வளவு இடர்களுக்கும் நடுவே ஒரு வட்டாரத்தில் பப்புப் பாட்டு தொடர்ந்து நிலைத்து வந்திருக்கிறது. அங்கே பாடுவது காதற்பாட்டன்று, கடற்பாட்டன்று. கிறிஸ்து பிறப்புப் பாட்டு. இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரின் மேற்கிலும் வடக்கிலும் மேட்டுநிலச் சிற்றூர்கள் இருக்கின்றன. ஸ்டானிங்டன், டங்வொர்த், வொரல், கிரெனோசைடு என்பன அவற்றுள் சில. தெய்வத்தைப் பாடும் பாட்டு மதுக்கடைக்கு வந்த கதை கேட்கத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஊர்த் தேவாலயங்களில் ஆர்கன் அரிது. மேற்குச் சுவரையொட்டி ஒரு மரமாடம் இருக்கும். அதில் ஊர்ப் பாடகர்களும், பிடில், கிளாரினெட், பாசூன் வாசிப்போரும் அமர்ந்து வழிபாட்டுக்கு இசை வழங்கினார்கள். செருப்புத் தைப்பவர், நெசவாளர், தச்சர் முதலியோரே அவர்கள். அவர்களுக்கு இசை அமைத்துக் கொடுத்தவர்களும் அத்தகையோரே. ஒரு குரல் ஓர் அடியைத் தொடங்க, அடுத்த குரல் அதைத் துரத்தி வர, மூன்றாவது குரல் அதன்மேல் ஏற, முடிவில் எல்லாம் ஒன்றாய்ச் சேரும் மெட்டுகள் அவர்களுக்கு உயிர். 1830களுக்குப் பின் திருச்சபையில் சீர்திருத்த அலை எழுந்தது. வழிபாடு அடக்கமாகவும் தூய்மையாகவும் இருத்தல் வேண்டும் என்று புதிய குருமார் கருதினர். மாடங்கள் இடிந்தன, ஆர்கன் வந்தது, வெள்ளங்கி அணிந்த சிறுவர் பாடற்குழு வந்தது. 1861இல் வெளிவந்த ஒரு பெரும் பாமாலை நூல், எந்தப் பாட்டுக்கு எந்த மெட்டு என்பதையும் நாடெங்கும் ஒன்றாக்கத் துணைசெய்தது. தாமஸ் ஹார்டி 1872இல் எழுதிய நாவலொன்று இவ்வாறு வேலையிழந்த பாடகர் குழுவைப் பற்றியதே. ஹார்டியின் தந்தையும் பாட்டனாரும் அத்தகைய மாடத்தில் இசைக்கருவி வாசித்தவர்கள்.

வெளியேறியவர்கள் பாட்டை விடவில்லை. வீடு வீடாகச் சென்று பாடினார்கள். பப்பில் கூடிப் பாடினார்கள். மற்ற ஊர்களில் இது மெல்ல மறைய, ஷெஃபீல்டு மேட்டூர்களில் நின்றது. விளைவைப் பாருங்கள். மேய்ப்பர்கள் இரவில் மந்தை காத்ததைக் கூறும் பாட்டொன்று 1700இல் அச்சேறியது. நேகம் டேட் என்பவர் எழுதியது. தேவாலயங்களில் இன்று அதற்குப் பெரும்பாலும் ஒரே மெட்டு. இவ்வூர்ப் பப்புகளிலோ அதே பாட்டைப் பல மெட்டுகளில் பாடுகிறார்கள்; ஒரே நண்பகலில் மூன்று நான்கு முறை வேறுவேறு மெட்டில் வந்தாலும் யாரும் சலிப்பதில்லை. அம்மெட்டுகளுள் ஒன்று 'கிரான்புருக்'. கேன்டர்பரி நகரத்துச் செருப்புத் தொழிலாளி தாமஸ் கிளார்க் அமைத்து 1805இல் வெளியிட்டது. பின்னர் யார்க்ஷயர் மக்கள் தொப்பியில்லாமல் மேட்டுவெளியில் போனவனைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டொன்றை இதே மெட்டில் பாடத் தொடங்கினார்கள். இன்று பலரும் அதை நகைச்சுவைப் பாட்டின் மெட்டென்றே எண்ணுகிறார்கள். எது எதனிடம் கடன் வாங்கியது என்பதைத் தொழிலாளியின் பெயர் அச்சில் நின்றதால் அறிந்தோம்.

மரபு என்றால் பழையது மட்டும் என்று எண்ணுவோருக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. 'ஸ்டானிங்டன்' என்னும் பாட்டுக்கு இசை அமைந்தது 1950இல்தான்; அவ்வூரில் ஆர்கன் வாசித்த மினா டைசன் என்னும் பெண்மணி அமைத்தது. இருநூறு ஆண்டுப் பாட்டுகளின் நடுவே அது கூச்சமின்றி உட்கார்ந்துகொண்டது.

ஐயன் ரஸ்ஸல் என்னும் ஆராய்ச்சியாளர் 1970ஐ ஒட்டி இவ்வூர்களுக்கு வரத் தொடங்கினார். ஷார்ப் காலத்தவரைப் போல் பாட்டை மட்டும் குறித்துக்கொண்டு போகவில்லை. யார் எங்கே நிற்கிறார், யார் தொடங்குகிறார், எப்படி முடிகிறது என்பனவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கண்டு எழுதினார், தாமும் பாடினார். அவர் தொகுத்த ஷெஃபீல்டு ஊர்க் கரோல் நூல் 2008இல் வெளிவந்தது. 1994 முதல் கிரெனோசைடில் இவ்வூர்ப் பாடற்குழுக்களுக்கென விழாவும் கூட்டினார். அச்சு வந்ததால் தீமை இல்லையா என்று கேட்கலாம். சிறிது உண்டு. மனப்பாடமாய்ப் பாடிய இடத்தில் தாள் புரளும் ஓசை கேட்கிறது. அயலூரார் பேருந்து பிடித்து வந்து நெருக்குவதால் உள்ளூர் முதியவர் தம் வழக்கமான மூலையை இழப்பதும் உண்டு. எனினும் அவ்வாறு வருபவர் நின்று கேட்டுவிட்டுப் போவதில்லை. வாய்திறந்து பாட வேண்டியவராகிறார்.

இங்கே சஃபோக்கைப் போல மேசை தட்டும் தலைவர் பெரும்பாலும் இல்லை. ஒரு பழகிய குரல் தொடங்கும், அல்லது மூலையில் உள்ள ஆர்கனில் முதற்சுரம் எழும்; மற்றவர் எவரும் சொல்லாமலே தத்தம் குரற்பகுதியில் சேர்ந்துகொள்வர். கனத்த குரலார் அடிக்குரலிலும், பெண்கள் மேற்குரலிலும், தந்தையின் தோளருகே நின்று கற்ற பிள்ளைகள் இடையிலும். இடையிடையே ஒருவர் தனிப்பாட்டுப் பாட அழைப்பு வரும். அந்தத் தனிப்பாட்டு இன்னாருடையது என்பது அறையில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

2020 குளிர்காலத்தில் கொரோனாத் தொற்றால் பப்புகள் மூடிக் கிடந்தன. இவ்வூர்களில் அவ்வழக்கப்படி கூடிப் பாட இயலவில்லை. கூடிப் பாடுவதே நோயைப் பரப்பும் என்று மருத்துவர்கள் எச்சரித்த காலம் அது. பழைய வழக்கப்படி இதற்குரிய பருவம் நவம்பர் 11ஆம் நாள் போர்நினைவு கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். கிறிஸ்துமசுக்கு மறுநாள் வரை நீளும். நண்பகலுக்கு முன்பே அறை நிறைந்துவிடும். பிந்தி வருவோருக்கு வாசற்படியில்தான் இடம். அங்கே நின்றும் பாடலாம்.